பயணத்துறை வேலை: பிழைக்கு யார் பணம் கட்டுவது?

பயண முகவர் நிலையம், ஹோட்டல், வழிகாட்டல், கப்பல் என்று இந்தத் துறையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்தந்த வேலை தெரிந்தவர்கள் பதில் தருகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். 'டிராவல் அன்ட் டூரிசம் டிப்ளோமா, ஆறு மாதம், வேலை உத்தரவாதம்' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். கட்டணம் ஒன்றரை இலட்சம் ரூபா. சேரலாமா?
– மாணவி, கொட்டாஞ்சேனை

அந்த 'உத்தரவாதத்தை' எழுத்தில் தரச் சொல்லுங்கள்: எந்த நிறுவனம், என்ன பதவி, என்ன சம்பளம். தரமாட்டார்கள். அதனால் அந்த இடமே மோசம் என்று அர்த்தமில்லை. விளம்பரத்தில் அந்த ஒரு வரியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

முதலில் பதிவு. தனியார் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். அதன் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில். நிறுவனம் பதிவாகியிருக்கும், நீங்கள் சேரப்போகும் கற்கைநெறி அங்கீகாரம் பெற்றிருக்காது. ஆகவே 'இந்தக் கற்கைநெறிக்கு எத்தனையாம் மட்டத்து என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) கிடைக்கும்?' என்று நேராகக் கேளுங்கள். 3, 4 ஆம் மட்டங்கள் தொழிற்சான்றிதழ், 5, 6 டிப்ளோமா வகை, 7 பட்டத்துக்குச் சமம். 'சர்வதேச அங்கீகாரம்' என்று மட்டும் பதில் வந்தால், எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று கேட்டு அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள்.

அடுத்து, கணினியில் எத்தனை மணித்தியாலம் கைவைக்க விடுவார்கள் என்று கேளுங்கள். டிக்கெட் மேசைகளில் அமேடியஸ், கலிலியோ, சேபர் ஆகிய மூன்று முன்பதிவு முறைகளில் ஏதாவது ஒன்றுதான் ஓடுகிறது. அதைத் திரையில் படமாகக் காட்டிவிட்டுக் குறிப்புப் புத்தகம் தருகிற வகுப்புக்கு ஒன்றரை இலட்சம் மிக அதிகம். பயிற்சித் தளத்தில் நீங்களே முன்பதிவு போட்டு, மாற்றி, இரத்துச் செய்து பழக வேண்டும்.

பணம் கட்டும் முன் கொள்ளுப்பிட்டி காலி வீதிக்கு ஒரு நடை போய் வாருங்கள். இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் அங்கேதான் இருக்கிறது. 1964 இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய அரச நிறுவனம். சமையல், உணவு பரிமாறல், அறைப் பராமரிப்பு, முன் அலுவலகம் (வரவேற்பு மேசை) ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வகுப்புகளும் நீண்டகால முகாமைத்துவ டிப்ளோமாவும் உண்டு. வகுப்போடு ஹோட்டல் பயிற்சியும் சேர்ந்தே வரும். வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது அந்தப் பயிற்சி மாதங்களைத்தான்.

இன்னொன்று: 'டிராவல் அன்ட் டூரிசம்' என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தொழில் இருக்கிறது. நம்மவரை வெளிநாட்டுக்கு அனுப்பும் டிக்கெட் மேசை ஒன்று. வெளிநாட்டவரை இங்கே சுற்றிக்காட்டும் நிறுவனம் வேறு. ஹோட்டல், விமான நிலையம், வழிகாட்டல் மூன்றும் தனித்தனி. எதற்குப் போகப் போகிறீர்கள் என்று முடிவெடுத்துவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறந்தால், பாதிப் பக்கம் உங்களுக்குத் தேவையில்லாதது என்று தெரிந்துவிடும்.

மூன்று மாதமாக ஒரு சிறிய டிராவல்ஸில் டிக்கெட் போடப் பழகுகிறேன். பிழைவிட்டால் சம்பளத்தில் வெட்டுவோம் என்கிறார்கள். பயத்தில் கை நடுங்குகிறது. எந்தப் பிழைகள் அதிகம் வரும்?
– வாசகர், வெள்ளவத்தை

பயம் நியாயமானதுதான். விமான சேவைகள் தந்த கமிஷன் சுருங்கிப் போய், முகவர் நிலையங்கள் இப்போது சேவைக் கட்டணத்தில்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. ஒரு டிக்கெட்டில் சில ஆயிரம் ரூபா மிஞ்சும் இடத்தில் ஒரு பிழை ஒரு இலட்சத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் பிழைகள் எண்ணிக்கையில் குறைவு. திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான்.

எல்லாவற்றுக்கும் மேல் பெயர். நம்மவர் பெயரில் இது இரட்டிப்புச் சிக்கல். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், அடையாள அட்டையில் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பின் கணவன் பெயர் என்று ஒருவருக்கே மூன்று வடிவம் இருக்கும். வாடிக்கையாளர் வாயால் சொல்வதையோ வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்புவதையோ நம்பிப் பெயர் போடவே கூடாது. கடவுச்சீட்டின் தகவல் பக்கப் படத்தை வாங்குங்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடம். முதல் வரியில் நாட்டுக் குறியீடு வந்த பிறகு குடும்பப் பெயர், அதன்பின் அடுத்தடுத்து இரண்டு அம்புக்குறி (<<), அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். அந்த இரட்டை அம்புக்குறிதான் உங்கள் எல்லைக்கோடு. அதற்கு முன்னால் இருப்பதைக் குடும்பப் பெயராகவும் பின்னால் இருப்பதை மற்றப் பெயராகவும் போடுங்கள். எது தகப்பன் பெயர், எது சொந்தப் பெயர் என்று நீங்கள் ஆராய வேண்டியதில்லை. பெயர்களுக்கு அந்த வரியில் 39 இடம்தான் உண்டு. மூன்று நாலு நீண்ட பெயர் சேர்ந்து வந்தால் வெட்டுப்பட்டு நிற்கலாம். அப்படியானால் மேலே உள்ள முழுப்பெயரையும் ஒப்பிடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமையாக உள்ள கடவுச்சீட்டு வந்தால் ஊகிக்க வேண்டாம். சில விமான சேவைகள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு வழி சொல்லும். கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு எவருக்கும் ஞாபகம் இராது.

இரண்டாவது, நள்ளிரவு. 15 ஆம் திகதி 00.35 விமானம் என்றால் பயணி 14 ஆம் திகதி இரவே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். 15 ஆம் திகதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வந்து அழுதவர்கள் அநேகம். டிக்கெட்டைக் கொடுக்கும்போது '14 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு 9.30 க்கு விமான நிலையம்' என்று கிழமையோடு தமிழில் எழுதிக் கொடுங்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, இடையில் மாறும் நாடு. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஷெங்கன் எனும் ஐரோப்பியக் கூட்டு விசா நாடொன்றின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே இடைத்தங்கல் விசா தேவைப்படும். வேறு சில விசா அல்லது வதிவிட அனுமதி வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. மலிவு என்று பாரிஸ் வழியாகவோ பிராங்ஃபர்ட் வழியாகவோ போட்டுக் கொடுத்தால் கட்டுநாயக்க கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது எந்த நாட்டுக்கு என்ன விசா, ஆவணம் வேண்டும் என்று காட்டும் டிமாட்டிக் என்ற தரவுத்தளம். டிக்கெட் போடும் முன் நீங்களும் அதையே பாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியா என்பதும் அதே நேரத்தில் பார்க்க வேண்டியது.

நான்காவது, இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டுவது. கொழும்பு–சென்னை ஒன்று, சென்னையிலிருந்து மேலே வேறொன்று என்று போட்டால் பொதி நேராகப் போகாது. முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பும் கிடையாது. பொதி அளவு முறையும் மாறலாம். ஒன்று 30 கிலோ மொத்த எடை என்று கணக்கிடும், இன்னொன்று 23 கிலோவில் இரண்டு பெட்டி என்று எண்ணும். அதேபோல், ஒரே டிக்கெட்டின் முதல் பகுதியில் பயணி ஏறாவிட்டால் மீதி எல்லாம் தானாகவே இரத்தாகும். 'போறது கப்பலில், வாறதுக்கு மட்டும் இந்த டிக்கெட்டைப் பாவிப்பேன்' என்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.

முன்பதிவுக் கோப்பு முடிந்ததாகக் கருதப்பட ஐந்து அம்சம் இருக்க வேண்டும்: பெயர், பயணப் பாதை, தொடர்பு எண், டிக்கெட் போட வேண்டிய கெடு, பதிவைக் கேட்டவர் யார் என்ற குறிப்பு. தொடர்பு எண்ணில் அலுவலக எண்ணை மட்டும் போடுவது சோம்பல். விமானம் நேரம் மாறினால் செய்தி உங்களிடம் வந்து நிற்கும், பயணிக்குப் போகாது. கெடு தவறினால் இருக்கை போய்விடும், மறுபடி தேடும்போது அதே விலை இருக்காது.

பிழை தெரிந்துவிட்டால் மறைக்காதீர்கள். போட்ட அன்றே என்றால் பெரும்பாலும் டிக்கெட்டை செல்லாததாக்கிப் புதிதாகப் போடலாம். நாள் மாறினால் அது பணம் மீட்கும் கதை, அபராதத்தோடு. ஆகவே மாலையில் கணினியை மூடும் முன் அன்றைய டிக்கெட் எல்லாவற்றையும் கடவுச்சீட்டுப் படங்களோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். 15 நிமிட வேலை. கட்டண விதியை மீறிப் போட்ட டிக்கெட்டுக்கு விமான சேவை மாதங்கள் கழித்தும் பணம் கேட்டு அறிவித்தல் அனுப்பும் என்பதால் விலை கணித்த திரையையும் சேமித்து வையுங்கள். டிக்கெட் எண் 13 இலக்கம், முதல் மூன்று விமான சேவையின் எண் (ஸ்ரீலங்கனுக்கு 603). கணக்குத் தேடும்போது இது உதவும்.

சம்பளத்தில் வெட்டும் விஷயம்: நியமனக் கடிதம் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். சம்மதமில்லாமல் வெட்டினால் போக வேண்டிய இடம் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களம்.

பத்து வருடமாக வான் ஓடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வழிகாட்டி அட்டை எடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது தேவையா?
– சாரதி, வத்தளை

தேவை. வாகனம் ஓட்டுவதற்கு ஒரு அனுமதி, இடத்தை விளக்கிச் சொல்வதற்கு வேறொன்று. வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. நாடு முழுவதும் குழுக்களைக் கூட்டிப்போகும் தேசிய வழிகாட்டி, ஓட்டிக்கொண்டே விளக்கும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி, ஒரு தலத்துக்கு மட்டுமான வழிகாட்டி என நாலு வகை. உங்களுக்குச் சாரதி வழிகாட்டிதான் பொருத்தம். பயிற்சி அழைப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். எந்த மொழியில் வழிகாட்டப் போகிறீர்களோ அந்த மொழியைச் சோதிப்பார்கள். விண்ணப்ப நாளில் ஓடித் திரியாமல் சாரதி அனுமதிப்பத்திரம், பாடசாலைச் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று மூன்றையும் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்.

இலங்கைக்கு அதிகம் பேரை அனுப்பும் நாடு இந்தியாதான். 2024 இல் மொத்த வருகை 20 இலட்சத்தைத் தாண்டியது. தமிழ் பேசும் வழிகாட்டிக்கு அதில் இடம் உண்டு, ஆனால் மொழி மட்டும் போதாது. தமிழ்நாட்டுக் குழு என்றால் முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், இறம்பொடை அனுமார், சீதா எலிய என்றுதான் பெரும்பாலும் பாதை. கோயில்கள் மத்தியானம் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். பதினொன்றரைக்குச் சிலாபத்தில் இறக்காமல் மூன்று மணிக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினால் அந்தக் குழு முழுப் பயணமும் உங்களைக் குறை சொல்லும். சைவம் என்றால் முட்டையும் இல்லையா என்று கேளுங்கள். ஜைனர் வந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கூடாது, ஹோட்டலுக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். போயா தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள். அதையும் முன்பே சொல்லிவிட்டால் இரவில் சண்டை வராது.

தூரத்தை நேரமாக மாற்றுவதில் வரைபடத்தை நம்ப வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்டி–நுவரெலியா 80 கிலோமீற்றருக்கும் குறைவு, ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் நிறுத்தாமலே மூன்று மணித்தியாலம் எடுக்கலாம். கம்பெனி அனுப்பும் பயணத்திட்டத்தில் இது தப்பாக இருந்தால் முதல் நாளே திருத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் பத்து வருட அனுபவத்துக்குக் காசு.

வாசனைத் தோட்டம், இரத்தினக்கடைக் கமிஷனை வருமானத்தின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். கடைக்காரர் தரும் பங்கு பயணியின் பில்லில்தான் ஏறும். இரவு அறையில் இணையத்தில் விலை பார்த்துவிடுவார்கள். நாள் சம்பளம், பட்டா (பயணப் படி), சாரதிக்கான தங்குமிடம், குறித்த கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் என்ன வீதம் – இவை நாலும் கம்பெனியோடு எழுத்தில் இருக்கட்டும்.

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறைப் பராமரிப்பில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 40,000 தான். 'சேர்விஸ் சார்ஜ் நிறைய வரும்' என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, தெஹிவளை

வரும், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு வராது. பில்லில் சேர்க்கும் 10 வீதத்தை ஊழியர்களுக்குப் பிரிக்கிறார்கள். மேற்கு, தெற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். மே, ஜூனில் அறைகள் வெறுமையானால் அந்தத் தொகையும் சுருங்கும். கிழக்கில் பாசிக்குடா, நிலாவெளி, அறுகம்பைப் பக்கம் இது தலைகீழ், மே முதல் செப்டெம்பர் வரை. ஆகவே 'எவ்வளவு வரும்' என்று கேட்காமல் 'போன வருடம் ஜூனில் எவ்வளவு வந்தது' என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் பங்கு உண்டா, முழுப் பங்கா பாதியா என்பதும் கேட்க வேண்டியது.

வாடகை, லோன் எதையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டும் திட்டமிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், நிறுவனம் 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம். 40,000 க்கு முறையே 3,200, 4,800, 1,200 ரூபா. முதல் நாளிலிருந்தே இது கட்டாயம். 'ஆறு மாதம் கழித்துத்தான் போடுவோம்' என்பது சட்டமல்ல, பழக்கம்.

வேலை எப்படி என்றால், ஒரு ஷிஃப்டில் 12 முதல் 16 அறை வரை வரும். கட்டில் விரிப்பதல்ல, குளியலறைதான் நேரம் தின்னும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து மெத்தை தூக்கப் பழகாதவர்கள் ஒரு வருடத்தில் நோவோடு விலகுகிறார்கள். அதைப் பயிற்சி நாளிலேயே காட்டித் தரச் சொல்லுங்கள்.

கப்பலில் வெயிட்டர் வேலைக்கு ஒரு ஏஜென்ட் ஆறு இலட்சம் கேட்கிறார். இரண்டு இலட்சம் முற்பணம். கொடுக்கலாமா?
– வாசகர், மட்டக்குளி

கொடுக்க வேண்டாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 இன்படி வேலை எடுத்துத் தருவதற்கென்று கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டும் நீங்கள் ஏற்கலாம். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. ஆறு இலட்சம் எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்களே செய்ய வேண்டியவை உண்டு. எஸ்.டி.சி.டபிள்யூ எனும் கடலோடிகளுக்கான சர்வதேசத் தரத்தின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று: கடலில் உயிர்காத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு என நாலு பகுதி. பயணிகள் கப்பல் என்பதால் பாதுகாப்பு விழிப்புணர்வும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் கேட்பார்கள். பயிற்சி நிலையத்துக்கு நேரே பணம் கட்டி உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள், ஏஜென்ட் கைவழியாக அல்ல. கடலோடிப் புத்தகம் வணிகக் கப்பற்துறைச் செயலகத்தில். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால் கப்பல் ஊழியருக்கான சி1/டி விசாவும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் பாருங்கள்: எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளமா அல்லது டிப்ஸ் சேர்த்த உத்தரவாதத் தொகையா, திரும்பும் டிக்கெட் யார் செலவு. ஓய்வு எந்த 24 மணித்தியாலத்திலும் குறைந்தது 10, ஏழு நாளில் 77 என்பது அந்த உடன்படிக்கையில் உள்ள அளவு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கப்பலில் விடுமுறை நாள் என்ற பேச்சே அபூர்வம். ஹோட்டலில் ஒரு வருடமாவது மேசை பரிமாறிய அனுபவம் இல்லாமல் போகிறவர்கள்தான் முதல் ஒப்பந்தம் முடியும் முன்பே திரும்பி வருகிறார்கள்.

துபாய், கட்டார் ஹோட்டல் வேலைக்கும் ஒரு வார்த்தை: ஏஜென்டின் உரிம இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள், தொலைபேசி 1989. உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அந்த குறித்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விமானப் பணிப்பெண் ஆக என்ன உயரம் வேண்டும்? அதற்கான 'க்ரூமிங்' வகுப்புக்கு 80,000 கேட்கிறார்கள்.
– வாசகி, பம்பலப்பிட்டி

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எமிரேட்ஸ் 160 சென்ரிமீற்றர் உயரமும், நுனிக்காலில் நின்று கைநீட்டினால் 212 சென்ரிமீற்றர் எட்டுவதும் கேட்கிறது, வயது 21. தலைக்கு மேலுள்ள பெட்டகங்களில் அவசரகாலக் கருவிகள் இருப்பதால் எட்டல்தான் முக்கியம். சுவரில் அளந்து பாருங்கள், இலவசம். வேலைக்கு எடுத்த பிறகு பயிற்சியை விமான சேவையே தரும். அந்த 80,000 ஐ ஆங்கிலப் பேச்சுக்கும் நீச்சலுக்கும் செலவழிப்பது மேல்.

பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத்துறைக்குப் பட்டம் உண்டா?
– மாணவன், மருதானை

சபரகமுவ, ரஜரட்ட, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் உண்டு. பட்டத்தோடு வந்தாலும் முதல் வருடம் கவுண்டரிலோ மேசையிலோதான் நிற்பீர்கள்.

வீட்டிலிருந்தே சிறு குழுக்களுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்கிறேன். ஆட்கள் வருகிறார்கள், பணம் மிஞ்சுவதில்லை. எங்கே தவறு?
– இல்லத்தரசி, பாமன்கடை

பெரும்பாலும் விலை கணிக்கும் தாளில். செலவை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கூட்டலில் போட்டுவிடுகிறார்கள். பஸ், சாரதி, வழிகாட்டி, தரிப்பிடம் எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. அறைப் பங்கு, சாப்பாடு, நுழைவுச்சீட்டு தலைக்குத் தலை ஏறுவது.

ஒரு உதாரணக் கணக்கு. மாறாச் செலவு 320,000. தலைக்கு 60,000. 16 பேர் வருவார்கள் என்று போட்டால் தலைக்கு 20,000 சேர்ந்து 80,000. அதன்மேல் 10 வீதம் வைத்து 88,000 க்கு விற்கிறீர்கள். 16 பேரும் வந்தால் மிச்சம் 128,000. ஆறு பேர் கடைசி வாரத்தில் விலகிப் பத்துப் பேர்தான் வந்தால் வரவு 880,000, செலவு 920,000. கையிலிருந்து 40,000 போகிறது. இப்போது இன்னொன்று பாருங்கள். 16 பேரும் வந்தார்கள், ஆனால் ஆட்களைச் சேர்த்துத் தந்தவருக்கு ஒரு இடம் இலவசம் என்று வாக்குக் கொடுத்தீர்கள். பணம் கட்டுபவர் 15. வரவு 1,320,000, செலவு 1,280,000. 128,000 இருந்த இடத்தில் 40,000 தான் மிச்சம். அந்த ஒரு இலவச இடத்தின் விலை 88,000. பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆகவே எத்தனை பேருக்குக் கீழே போனால் பயணம் நடக்காது என்ற எண்ணை முதலில் முடிவு செய்து, அந்த எண்ணால் மாறாச் செலவைப் பிரியுங்கள். கூடுதலாக வந்தால் இலாபம். முற்பணம் திரும்பாது என்ற திகதியை ஹோட்டல் உங்களுக்குச் சொன்ன திகதிக்கு ஒரு வாரம் முன்னால் வையுங்கள். தனி அறை கேட்பவரிடம் மேலதிகத் தொகை வாங்க மறக்காதீர்கள். கண்டி எசல பெரஹரா நாட்களில் பழைய அறை விலையை வைத்துக் கணிக்கவே கூடாது.

நுழைவுச்சீட்டில் ஒரு பொறி உண்டு. சீகிரியா போன்ற இடங்களில் சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குக் குறைந்த கட்டணம். ஆனால் அது கடவுச்சீட்டைப் பொறுத்தது, முகத்தைப் பொறுத்ததல்ல. சென்னைக் குழுவில் மலேசியக் கடவுச்சீட்டோடு ஒரு மாமியும், லண்டன் கடவுச்சீட்டோடு இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். மூன்று பேரின் வித்தியாசத்தையும் கவுண்டரில் நீங்கள்தான் கட்டுவீர்கள். பதிவு செய்யும்போதே எல்லோரின் கடவுச்சீட்டுப் படத்தையும் வாங்கிவிடுங்கள். நுழையும்போது மூலத்தையும் காட்டச் சொல்வார்கள், அறையில் வைத்துவிட்டு வர வேண்டாம் என்று காலையில் ஞாபகப்படுத்துங்கள்.

பயண முகவராகத் தொழில் செய்ய சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் வேண்டும், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். குழு பெருகும் முன் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் மேசை நேர்முகப் பரீட்சைக்கு அடுத்த வாரம் போகிறேன். என்ன கேட்பார்கள்?
– வாசகி, வெள்ளவத்தை

ஊர்களின் மூன்றெழுத்துக் குறியீடு கட்டாயம். கொழும்பு சி.எம்.பி, யாழ்ப்பாணம் ஜே.ஏ.எஃப், சென்னை எம்.ஏ.ஏ, திருச்சி டி.ஆர்.இசட், துபாய் டி.எக்ஸ்.பி, லண்டன் ஹீத்ரோ எல்.எச்.ஆர், டொரொண்டோ வை.வை.இசட். கொழும்பிலிருந்து நம்மவர் அதிகம் பறக்கும் 40 ஊரை எழுதி இந்த வாரத்துக்குள் மனனம் செய்யுங்கள். 24 மணி நேரக் கணக்கில் தடுமாறாமல் பேசப் பழகுங்கள். 'சென்னையில் இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் அடுத்த விமானம், தனி டிக்கெட், போடுவீர்களா?' என்று ஒரு சோதனைக் கேள்வி வரலாம். 'போடமாட்டேன்' என்று மட்டும் சொல்லாமல் பொதி, விசா, தாமதம் மூன்றையும் காரணமாகச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். எம் என்பதும் என் என்பதும், பி என்பதும் டி என்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லாக மைக், நவம்பர், பிராவோ, டெல்டா என்று சொல்கிறார்கள். 26 சொல்லையும் பாடமாக்கி, உங்கள் சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடி நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள்.